உச்சியை எட்டாத வீரர்

1967-ம் ஆண்டு ஜூலை மாதம் 13-ந் தேதி. பிரான்சு நாட்டின் தெற்கே, வாந்தூ என்ற மலை. உயரம் 6 ஆயிரம் அடிக்கு மேல். உச்சியை நெருங்க நெருங்க மரம் கிடையாது. எங்கு பார்த்தாலும் வெள்ளைக் கற்கள். கொளுத்தும் வெயிலில் சைக்கிள் பந்தய வீரர்கள் அந்த மலையில் ஏறினார்கள்.

உச்சிக்கு இன்னும் சுமார் ஒரு கிலோமீட்டர்தான். ஒரு வீரர் தள்ளாடிக் கீழே விழுந்தார். மறுபடியும் சைக்கிளில் ஏற்றிவிடும்படி கேட்டார். ஏற்றிவிட்டார்கள். சிறிது தூரம் போனார். மீண்டும் சாய்ந்தார். சைக்கிளைப் பிடித்த கைகள் மட்டும் பிடியை விடவில்லை. ஹெலிகாப்டரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைக்கவில்லை.

அவர்தான் டாம் சிம்சன். இங்கிலாந்தின் புகழ் பெற்ற சைக்கிள் வீரர். அப்போது வயது 29.

சுரங்கத் தொழிலாளி மகன்

டாம் 1937-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்தார். தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஆறு குழந்தைகளில் டாம்தான் கடைக்குட்டி. சிறு வயதிலேயே சைக்கிள் மீது அவருக்குத் தீராத ஆசை. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில், குழுப் பந்தயத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார்.

1959-ல் கடல் கடந்து பிரான்சுக்குப் போனார். பந்தயமே பிழைப்பாயிற்று. 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் முன்னணியில் இருப்பவர் மஞ்சள் சட்டை அணிவார். 1962-ல் அந்தச் சட்டையை அணிந்தார், டாம். பிரிட்டிஷ் வீரர்களில் அவரே முதல்வர். 1965-ல் உலக சாம்பியன் ஆனார்.

மறு ஆண்டு பனிச்சறுக்கில் கால் முறிந்தது. பல பந்தயங்கள் கைநழுவின. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். 1967 பந்தயத்தில் எப்படியும் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று துடித்தார். வழியில் வயிற்றுக் கோளாறு வந்தது. அப்போதும் விலகவில்லை.

சட்டைப் பையில் மாத்திரை

அவர் இறந்தது எப்படி? டாக்டர்கள் சோதித்தார்கள். உடம்பில் 'ஆம்பெட்டமின்' என்ற ஊக்க மருந்து இருந்தது. மதுவும் இருந்தது. சட்டைப் பையிலும் மாத்திரைகள் கிடைத்தன.

இந்த மருந்தை 1887-ல் ஒரு விஞ்ஞானி தயாரித்தார். இரண்டாம் உலகப் போரில், தூங்காமல் இருப்பதற்காகப் போர்வீரர்களுக்குக் கொடுத்தார்கள். இன்றும் சில நோய்களுக்கு டாக்டர்கள் இதை அளந்து கொடுக்கிறார்கள். நோயாளிக்கு மருந்தானது, வீரருக்கு ஏன் விஷமானது?

களைப்பு என்பது உடம்பின் காவல்காரன். ஆபத்து வரும்போது, போதும் நில் என்று எச்சரிப்பான். இந்த மாத்திரை அந்தக் காவல்காரனின் வாயைக் கட்டிவிடும். உடம்பின் சூடு வெளியேறுவதையும் தடுக்கும். வெயில், தாகம், நோய், மது எல்லாம் சேர்ந்து வாட்டியபோதும், டாம் மிதித்துக்கொண்டே இருந்தார்.

யார் குற்றம்?

அவர் ஒருவர் மட்டும் மாத்திரை சாப்பிட்டவர் அல்லர். அந்நாளில் பலரும் சாப்பிட்டார்கள். 1965-ல் பிரான்சு அரசாங்கம் இதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1966 பந்தயத்தில் சோதனை நடந்தது. வீரர்கள் கோபம் கொண்டார்கள். சைக்கிளை விட்டு இறங்கி நடந்து, எதிர்ப்பைக் காட்டினார்கள்.

என் உடம்பு, என் பிழைப்பு, இதில் பிறருக்கு என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் ஒருவர் மாத்திரை சாப்பிட்டு முந்தினால், பக்கத்தில் வருபவர் என்ன செய்வார்? அவரும் சாப்பிட வேண்டும். அல்லது தோற்க வேண்டும். நேர்மையாக ஓட்டுகிறவரின் பிழைப்பும் போய்விடுகிறது. மாத்திரையைக் கொடுத்தவர்களுக்கும், தெரிந்தும் பேசாமல் இருந்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

டாமின் மரணம் உலகத்தை உலுக்கியது. 1968 முதல் ஒலிம்பிக்கிலும் ஊக்க மருந்துச் சோதனை நடக்கிறது. மருந்தைத் தயாரித்த விஞ்ஞானமே அதைக் கண்டுபிடிக்கும் வழியையும் தந்தது.

டாம் விழுந்த இடத்துக்கு அருகே ஒரு நினைவுக்கல் நிற்கிறது. மலை ஏறும் சைக்கிள்காரர்கள் அங்கே நின்று, தங்கள் தண்ணீர்ப் பாட்டிலை வைத்து வணங்கிச் செல்கிறார்கள். அன்று அந்த உடம்பு கேட்டது தண்ணீரும் நிழலும் ஓய்வுந்தான். அந்தக் குரல் டாமின் காதில் விழாமல் செய்தது, ஒரு சின்ன மாத்திரை.