ஊர் ஒண்ணு, மாவட்டம் ரெண்டா? டேட்டாபேஸ் குழப்பத்தைத் தீர்த்த எட்கர் காட் யார்?

திருத்தணி 1960 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தமிழகத்தோடு இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997ல் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போனது. மலையும் கோயிலும் இருந்த இடத்திலேயேதான் இருக்கு. ஆனா பதிவேடு?

ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஊர், மாவட்டம் ரெண்டையும் எழுதி வச்சா, மாவட்டம் மாறும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்தணும். ஒரு வரி விட்டுப்போனாலும் ஒரே ஊர் ரெண்டு மாவட்டத்தில் இருப்பதாக கம்ப்யூட்டர் காட்டும். அந்த வரிக்குரியவர்தான் சான்றிதழுக்கு அலையணும். இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர் எட்கர் காட்.

யார் இவர்?

1923ல் இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் தீவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையில் விமானி. போருக்குப் பின் அமெரிக்கா போய் ஐபிஎம் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே செனட்டர் மெக்கார்த்தி நடத்திய கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் 1953ல் கனடாவுக்குக் கிளம்பிவிட்டார். சில ஆண்டுகளில் திரும்பியவர், நாற்பது வயதைக் கடந்து 1965ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

என்ன சொன்னார்?

தகவல்களை எளிய அட்டவணைகளாக வைக்கலாம் என்று 1970ல் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டே, எந்தத் தகவல் எதைச் சார்ந்திருக்கு என்று பார்த்து அட்டவணையைப் பிரிக்கும் விதிகளையும் வகுத்தார்.

ஊர் தெரிந்தால் மாவட்டம் தெரியும். இந்தச் சார்புக்குப் பெயர் ஃபங்ஷனல் டிபென்டன்சி. தீர்மானிக்கும் பக்கம் இருக்கும் ஊர்தான் டிட்டர்மினன்ட். ஆகவே ஆட்களின் அட்டவணையில் ஊர் மட்டும் போதும். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பதற்குத் தனி அட்டவணை. மாவட்டம் மாறினால் அதில் திருத்தணிக்குரிய ஒரே வரியை மாத்தினா வேலை முடிஞ்சது.

சொந்த நிறுவனமே தயங்கியது

ஐபிஎம்முக்கு அப்போது ஐஎம்எஸ் என்ற பழைய முறை மென்பொருள் நல்ல வருமானம் தந்தது. அதனால் காட் சொன்னதை விற்பனைக்குக் கொண்டுவர அவசரம் காட்டவில்லை. 1979ல் ஆரக்கிள் முந்திக்கொண்டது. 1981ல் காட்டுக்கு கம்ப்யூட்டர் துறையின் உயரிய டூரிங் விருது கிடைத்தது.

2003 ஏப்ரல் 18 அன்று, 79வது வயதில் ஃபுளோரிடாவில் காலமானார். வங்கிக் கணக்கிலிருந்து ரயில் டிக்கெட் வரை, அவர் சொன்ன அட்டவணை முறைதான் இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு.