சாலைக்குப் பெயரான ஆட்டக்காரர்: மர்ஹூம் மொக்தார் டஹாரி

ஷா ஆலமிலிருந்து புஞ்சாக் ஆலம் வழியாகப் பத்து ஆராங் பக்கம் போகும் நெடுஞ்சாலையில் நம் சங்கத்துக் குடும்பங்கள் வாரம் ஒரு முறையாவது போய் வருகின்றன. வேலைக்கு, மருத்துவமனைக்கு, திருமண விருந்துக்கு என்று எதற்குப் போனாலும் அந்த வழிதான். பலகையில் பெர்சியாரான் மொக்தார் டஹாரி என்று எழுதியிருக்கிறது. ஆனால் யார் இந்த மொக்தார் டஹாரி என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் அமைச்சர் என்கிறது ஒன்று, பழைய சுல்தான் என்கிறது இன்னொன்று. பொன்விழா மலரில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வரவேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு இதுவே முதற்காரணம்.

மலர்க்குழுவில் ஒரு கேள்வியும் எழுந்தது. அவர் நம் சமூகத்தவர் அல்லவே, தமிழரும் அல்லவே, நம் மலரில் அவருக்கு எதற்கு நான்கு பக்கம் என்றார் ஒருவர். நியாயமான கேள்விதான். அந்த நாட்களில் சிலாங்கூர் ஆட்டம் நடக்கும் இரவில் தோட்டத்து லயங்களில் இருந்தவர்கள் யாரும் அப்படிக் கேட்கவில்லை என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது.

மொக்தார் 1953ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் செத்தாப்பாக்கில் பிறந்தார். தந்தையார் லாரி ஓட்டுநர். வீட்டில் வசதி இல்லை. அவருக்குப் பதினொரு வயதானபோது குடும்பம் கம்போங் பாண்டானுக்குக் குடிபெயர்ந்தது. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தார். பள்ளி அணியில் ஆடியபோதே பெரியவர்களின் கண் அவர்மேல் விழுந்தது. பர்ன்லி கிண்ணம் என்ற இளைஞர் போட்டிக்குச் சிலாங்கூர் அணியில் எடுத்தார்கள். அங்கே அவர் அடித்த கோல்களைப் பார்த்தபின் பெரியவர்கள் அணியின் கதவு தானாகத் திறந்தது. 1972இல் சிலாங்கூரின் சிவப்பு மஞ்சள் சட்டையை அணிந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் ஜகார்த்தாவில் இலங்கைக்கு எதிராக மலேசிய அணியிலும் களமிறங்கினார். அப்போது வயது பதினெட்டு.

ஆள் உயரமில்லை. ஆனால் தொடை இரண்டும் செம்பனை மரம்போல் இருக்கும். பந்தோடு ஓடினால் தடுப்பவர் இடித்துப் பார்த்துவிட்டுத் தாமே விழுவார். தூரத்திலிருந்து அடித்தாலும் பந்து தாழ்வாகவும் வேகமாகவும் போகும். சூப்பர்மோக் என்று மக்கள் பெயர் வைத்தது சும்மா இல்லை.

அந்தக் காலத்தின் ஏற்பாட்டை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றுபோல் மாதச் சம்பள ஒப்பந்தம், முகவர், விளம்பரப் பணம் எதுவும் கிடையாது. மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் வந்ததே 1989இல்தான். முழுத் தொழில்முறை ஆட்டம் 1994இல் வந்தது. மொக்தாரின் காலத்து ஆட்டக்காரர்கள் பகலில் எங்கேனும் வேலை பார்த்தார்கள், மாலையில் பயிற்சிக்குப் போனார்கள். வங்கிகளும் நிறுவனங்களும் தம் அணிக்கு ஆட ஆள் வேண்டும் என்பதற்காகவே வேலை கொடுத்தன. மொக்தாரும் குவோங் யிக் வங்கி அணிக்குச் சிறிது காலம் ஆடினார். மலேசியக் கிண்ணம் என்று வந்தால் மட்டும் சட்டை மாறாது. அது சிலாங்கூர் சட்டைதான்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அவர் பிறந்தபோது செத்தாப்பாக் சிலாங்கூர் மாநிலத்தில் இருந்தது. 1974ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகப் பிரிந்தது. பிறந்த ஊர், படித்த பள்ளி, வளர்ந்த கம்பம் எல்லாம் ஒரே நாளில் மாநிலத்துக்கு வெளியே போய்விட்டன. பிற்பாடு கோலாலம்பூருக்கென்று தனி அணியும் உருவாயிற்று. பிறந்த மண்ணுக்கு ஆடுகிறேன் என்று அவர் அங்கே போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. போகவில்லை. ஐரோப்பாவின் பெரிய அணிகள் அழைத்தும் மறுத்தார் என்று இன்றும் டீக்கடைகளில் பேசுவார்கள். அந்தக் கதை இல்லாமலேயே அவருடைய பற்று நமக்குத் தெரிகிறது. 1972 முதல் 1987 வரை பதினைந்து ஆண்டு, பத்து மலேசியக் கிண்ணம், ஒரே மாநிலம்.

அந்த ஆண்டுகளில் பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரத்தில் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். இன்று பெஸ்தாரி ஜெயா என்கிறோம், அன்று பத்தாங் பெர்ஜுந்தை. அதன் அருகேதான் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் தொடங்கியது. நம்மவர்கள் அந்தத் தோட்டங்களுக்கு மளிகையும் துணியும் கொண்டுபோய் விற்றவர்கள், பட்டணத்தில் சாப்பாட்டுக்கடை வைத்தவர்கள். சிலர் தோட்டத்திலேயே வேலை பார்த்தவர்கள். லயத்துப் பையன்கள் வெறுங்காலோடு பந்தாடிய திடலில் நம் வீட்டுப் பையன்களும் ஆடினார்கள்.

மலேசியக் கிண்ண இறுதியாட்டம் என்றால் மெர்டேக்கா அரங்கத்துக்குப் போக எல்லாராலும் முடியாது. லாரி பிடித்துப் போனவர்கள் உண்டு. மற்றவர்களுக்கு வானொலி, பிறகு கடைத் தொலைக்காட்சி. எங்களில் ஒருவருடைய தகப்பனார் கடையில் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று இருந்தது. ஆட்ட நாளில் கல்லாவை மூடிவிட்டு மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிடுவார். தேத்தாரிக் மட்டும் கிடைக்கும், ரொட்டி கிடையாது, ஏனென்றால் ரொட்டி போடுகிறவரும் ஆட்டம் பார்க்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், தோட்டத்து மண்டோர், கிராணி எல்லாரும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் விடியற்காலைப் பெரட்டுக்குத் தூக்கக் கண்ணோடு நிற்பவர்களைப் பார்த்தாலே சிலாங்கூர் வென்றதா தோற்றதா என்று தெரிந்துவிடும்.

பெரும்பாலும் வென்றதுதான். சிலாங்கூரும் சிங்கப்பூரும் 1975, 1976, 1978, 1979, 1980, 1981 என்று ஆறு முறை இறுதியில் மோதின. 1980இல் மட்டும் சிங்கப்பூர் இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. மற்ற ஐந்தும் நமக்கு. 1981இல் நான்குக்குப் பூஜ்யம். அந்த அணியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோல்கம்பத்தில் ஸ்பைடர்மேன் என்று பெயரெடுத்த ஆர். ஆறுமுகம், தடுப்பில் சந்தோக் சிங், முன்னே மொக்தார். எழுபதுகளில் எம். சந்திரனும் இருந்தார். 1969 மே மாதத்துக் கசப்பு நாட்டில் இன்னும் ஆறாத காலம் அது. எந்த மேடைப் பேச்சையும்விட அந்த அணிப்பட்டியலே எங்கள் ஊரில் அதிகம் பேசியது என்பது எங்கள் கருத்து.

நாட்டுக்கு அவர் ஆடிய ஆட்டங்களை முழுதாக எழுத இங்கே இடமில்லை. 142 ஆட்டம், 89 கோல். ஆசிய மண்ணில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவர்களை ஒரு கைவிரலில் எண்ணிவிடலாம். 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம், 1977இலும் 1979இலும் சீ விளையாட்டில் தங்கம். ஆனால் பழைய ரசிகர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு ஆட்டங்களை. ஒன்று 1975இல் இங்கிலாந்தின் ஆர்சனல் அணி இங்கு வந்தபோது. சிலாங்கூர் தேர்வணி இரண்டுக்குப் பூஜ்யம் என்று வென்றது. இரண்டும் மொக்தார் அடித்தவை. மற்றது 1978 மே மாதம் மெர்டேக்கா அரங்கத்தில் இங்கிலாந்து பி அணிக்கு எதிராக. நடுத்திடல் அருகே பந்தை வாங்கி, வந்தவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தாண்டி, ஜோ கோரிகனைக் கடந்து வலைக்குள் அனுப்பினார். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. சமநிலைதான். ஆனால் அந்த இரவு எங்கள் கடைத்தெருவில் வெற்றி விழாவே நடந்தது.

1985இல் நாட்டு அணியிலிருந்து விடைபெற்றார். 1986இல் சிலாங்கூர் ஜொகூரை ஆறுக்கு ஒன்று என்று வீழ்த்திக் கிண்ணம் ஏந்தியது. அதோடு ஓய்வு என்றார். 1987இல் மீண்டும் சிறிது காலம் வந்து ஆடிவிட்டுப் பயிற்றுநர் பக்கம் திரும்பினார். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயது. இளம் ஆட்டக்காரர்களை உருவாக்கும் காலம் இனிமேல்தான் என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

1988இல் தொண்டையில் ஏதோ தொல்லை என்று மனைவியோடு மருத்துவரிடம் போனார். மருத்துவர் மனைவியிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அது இயக்க நரம்பணு நோய். தசைகளுக்கு மூளையிலிருந்து கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கை, கால், நாக்கு, தொண்டை, கடைசியில் மூச்சு என்று எல்லாம் தளர்ந்துவிடும். அறிவு மட்டும் தெளிவாகவே இருக்கும். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்கார்த்தியதும் இந்த வகை நோய்தான். அன்றும் இன்றும் இதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பாட்டக்காரர் நால்வர் சேர்ந்தும் சாய்க்க முடியாத உடம்புக்கு இப்படி ஒரு நோய் வந்தது.

அவர் மனம் தளராமல் போராட வேண்டும் என்பதற்காக உண்மையை மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். சிகிச்சைக்கு லண்டன்வரை அழைத்துப் போனார்கள். தசைத் தேய்வு நோய் என்றே நாடு நம்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆறுமுகம் சாலை விபத்தில் காலமானார். அவருக்கு வயது முப்பத்தைந்துதான். கோல்கம்பத்தில் நின்றவர் போய்விட்டார், கோல் அடித்தவர் நோயில் கிடந்தார். எங்கள் வட்டாரத்தில் அந்த டிசம்பரை மறக்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நோயாளியிடம் உண்மையை மறைப்பது சரியா என்று மலர்க்குழுவில் நீண்ட நேரம் பேசினோம். நம் வீடுகளிலும் இது நடக்கிறது. அத்தாவுக்குப் புற்றுநோய் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அத்தாவுக்குத் தெரியாது. மறைப்பது அன்பு என்கிறார்கள் சிலர். கடனை அடைக்க, வஸிய்யத் எழுத, மன்னிப்புக் கேட்க ஒருவருக்கு அவகாசம் வேண்டாமா என்கிறார்கள் வேறு சிலர். எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. மூன்றாண்டு அந்த உண்மையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அவர்முன் சிரித்த முகத்தோடு நின்ற அந்த மனைவியைக் குறைசொல்ல மட்டும் எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. உண்மையான நோய் எது என்பது அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் வழியாகத்தான் பொதுமக்களுக்குத் தெரிந்தது.

1991ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் வியாழக்கிழமை சுபாங் ஜெயாவில் மருத்துவமனையில் அவர் வஃபாத்தானார். வயது முப்பத்தேழு. துல்ஹஜ் மாதத்தின் கடைசி நாட்கள் அவை. மறுநாள் ஜும்ஆவுக்குப் பின் எங்கள் சூராவ் வாசலில் வேறு பேச்சே இல்லை. கடையில் எப்போதும் சத்தமாக ஓடும் வானொலியை நிறுத்தி வைத்தார் ஒருவர். தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்த அம்மாக்கள்கூட வந்த வேலையை மறந்து நின்றார்கள். அம்பாங், தாமான் கிராமாட் முஸ்லிம் மயானத்தில் அவரை அடக்கினார்கள். பிறந்த இடம் மாநிலத்தைவிட்டுப் போயிருந்தாலும் அவர் அடங்கியது சிலாங்கூர் மண்ணில்.

பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள தேசியக் காற்பந்துப் பயிற்சிப் பள்ளிக்கு இன்று அவர் பெயர். நமக்கு அருகில் இருப்பது அந்தச் சாலைதான்.

இம்மலருக்காகப் படம் தேடியபோது நம் உறுப்பினர் ஒருவரின் வீட்டில், பழைய கடைக் கணக்குப் புத்தகத்துக்குள் மடித்து வைத்த செய்தித்தாள் துண்டு கிடைத்தது. கறுப்பு வெள்ளைப் படம், மடிப்பில் கிழிந்திருக்கிறது. மொக்தாரும் ஆறுமுகமும் அருகருகே நிற்கிறார்கள். அச்சிடும் அளவுக்குத் தெளிவில்லை என்று அச்சகத்தார் சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா அதை வாங்கி, மறுபடியும் அதே பக்கத்தில் மடித்து வைத்துக்கொண்டார்.