எண்ணியல் அறிஞர் எஸ். எஸ். பிள்ளை

கணித மேதை என்றதும் நம் நினைவுக்கு வருபவர் இராமானுஜன். அவருக்குப் பின் நம் மண்ணில் தோன்றி, எண்ணியல் துறையில் அழியாப் புகழ் பெற்ற மற்றொருவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. எஸ். எஸ். பிள்ளை என்றால் கணிதப் பேராசிரியர்கள் நன்கறிவர்.

1901-ஆம் ஆண்டு பிறந்த அவர், ஓராண்டில் தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியுமுன் தந்தையும் மறைந்தார். ஆசிரியர் ஒருவரின் பொருளுதவியால் கல்வி தடைபடாமல் தொடர்ந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றார். 1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி உதவித்தொகை பெற்றார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றினார்.

முட்டுக்காட்டில் மீன்பிடிக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் வழக்கத்தைக் கொண்டே சொல்கிறேன். 12 மீன்களை மும்மூன்றாகவோ நந்நான்காகவோ கூறு வைக்கலாம். 13 மீன்களை அவ்வாறு சமக் கூறுகளாக வைக்க இயலாது. 13 ஒரு பகா எண். பொதுக் காரணியைப் பற்றிப் பிள்ளை எழுப்பிய வினா இது: அடுத்தடுத்து வரும் சில எண்களுள், மற்ற எதனோடும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் இருக்குமா?

16 எண்கள் வரை, எங்கே தொடங்கினாலும் இருக்கும் என்று 1940-இல் அவர் நிறுவினார். 17 எண்களானால் அது பொய்த்துப் போகும் என்றும் காட்டினார்.

இதனைக் கணினி ஆய்வகத்தில் பைத்தான் மொழியில் சோதித்துப் பார்த்தேன். ஓர் எண் பகா எண்ணா என அறிய, 2 முதல் அதன் வர்க்கமூலம் வரை வகுத்து, மீதி பூச்சியம் வருகிறதா எனப் பார்த்தால் போதும். 2191-க்கு 46 வரை பார்க்க வேண்டும், 7-லேயே அகப்பட்டுவிடுகிறது. பிறகு 17 எண்கள் கொண்ட தொடர்களை 1-லிருந்து வரிசையாகச் சோதித்தேன். 2183 வரை தொடங்கும் தொடர் ஒவ்வொன்றிலும் பிள்ளை தேடிய எண் இருக்கிறது. 2184 முதல் 2200 வரையுள்ள தொடரில் ஒன்றுகூட இல்லை! 2191 என்பது 7-ஆல் 2184-உடனும், 2189 என்பது 11-ஆல் 2200-உடனும் பிணைந்துள்ளது. ஏனையவையும் அவ்வாறே. இரண்டாயிரம் முறை சரியாக வந்தது அடுத்த முறை தவறிவிட்டது. சோதனைக்கு மேல் நிறுவல் ஏன் வேண்டும் என்பது எனக்கு அன்றுதான் விளங்கிற்று. கணினி இல்லாத காலத்தில் தாளும் எழுதுகோலும் கொண்டே அவர் இதைக் கண்டார் என்பது வியப்புக்குரியது.

எந்த இயல் எண்ணையும் அதிகம் போனால் 73 ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதலாம் என்பதும் அவர் 1940-இல் நிறுவியதே. பின்னர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1950-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் நடைபெறவிருந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளப் புறப்பட்டார். ஆகஸ்டு 31 அன்று எகிப்தில் விமானம் விபத்துக்குள்ளாகி உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.

பெயரறியா ஓர் ஊரில் ஆசிரியர் ஒருவர் கைகொடுத்திராவிட்டால் இந்த அறிஞரை உலகம் கண்டிருக்காது. பணமின்றிப் படிப்பை நிறுத்த நினைக்கும் நண்பர் நம் வகுப்பிலும் இருக்கலாம். அவரை அடையாளம் கண்டு உதவுவது ஆசிரியப் பெருமக்களுக்கும் மாணவராகிய நமக்கும் கடமையாகும்.