வலியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்த டாக்டர்

ஆண்டு மலருக்கு யாராவது ஒரு பெரியவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பில் பாதிப்பேர் விஸ்வேஸ்வரய்யா, மீதிப்பேர் அப்துல் கலாம். நான் ஒரு டாக்டரைப் பற்றி எழுதுகிறேன். காரணம், எங்கப்பாவின் கால்.

எங்கள் ஊர் காட்டுப்பள்ளி. அப்பா கழிமுகத்தில் வலை போடுகிறவர். போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் வந்தபோது வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் ரத்தம். அம்மா கத்தின பிறகுதான் அப்பா குனிந்து பார்த்தார். கிளிஞ்சல் ஓடு பாதத்தை ஆழமா வெட்டியிருக்கு, அவருக்குத் தெரியவே இல்லை. ஆனால் அதே கால்தான் ராத்திரியானால் எரிந்து அவரைத் தூங்கவிடாமல் அடிக்கும். வெட்டினால் வலிக்காத கால் சும்மா கிடக்கும்போது எதுக்கு எரியணும்? ரெண்டுக்கும் சுகர்தான் காரணம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அது எப்படி என்று நூலகத்தில் தேடப் போய்த்தான் டாக்டர் பால் பிராண்ட் எனக்குக் கிடைத்தார்.

வெள்ளைக்காரர்தான், ஆனால் நம்ம கொல்லிமலையில் 1914 ஜூலை 17-ல் பிறந்தவர். பெற்றோர் மலைமக்களுக்கு மருந்து கொடுத்து வந்த மிஷனரிகள். ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். 1929-ல் அப்பா காய்ச்சலில் மலையிலேயே இறந்துபோனார். மகனால் கடைசிவரை பார்க்க முடியவில்லை. பிராண்ட் நேரே மருத்துவம் படிக்கவும் இல்லை. முதலில் கற்றுக்கொண்டது கட்டட வேலை. கொத்து, தச்சு எல்லாம் தெரியும். (சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!) பிறகுதான் லண்டனில் மருத்துவம். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை சிகிச்சை டாக்டராக வந்தார்.

1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைச் சுற்றிக் காட்ட டாக்டர் காக்ரேன் அவரைக் கூட்டிப்போனார். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து, அழுத்திப் பிடிக்கச் சொன்னார் பிராண்ட். அந்த ஆள் பிடித்த பிடியில் பிராண்டுக்கே கை வலித்துவிட்டது. செத்துப்போன கை என்று எல்லாரும் ஒதுக்கின கையில் இவ்வளவு பலமா? அன்றைக்குப் பிடித்த சந்தேகம் அவரை விடவே இல்லை.

தொழுநோய் வந்தால் சதை அழுகி விரல் விழும் என்றுதான் அதுவரை நம்பினார்கள். வேலூரில் ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. ஒரு நோயாளிப் பையன் வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருக்கு. அவனுக்கோ ஒன்றும் தெரியவில்லை. கிருமி கொல்வது நரம்பைத்தான், சதை நம்ம சதை மாதிரி நல்ல சதைதான் என்று பிராண்ட் கண்டுகொண்டார். வலி தெரியாததால் தினமும் படுகிற காயம்தான் விரலைத் தின்கிறது. வேலை செய்யும் தசையின் நாணை எடுத்து மடங்கின விரலுக்கு மாற்றித் தைத்து எத்தனையோ கைகளை விரிய வைத்தார். அவர்களுக்குத் தச்சு வேலை கற்றுத்தர ஒரு மையமும் தொடங்கினார். 1960-ல் லாஸ்கர் விருது.

1966-ல் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். நம்ம பிரிவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். எஞ்சினியர்களைச் சேர்த்துக்கொண்டு செயற்கை வலி செய்யப் பார்த்தார். கையுறையில் அழுத்தம் அளக்கும் சென்சார், அளவு மீறினால் காதில் சத்தம். நோயாளிகள் சத்தத்தைச் சட்டை செய்யவில்லை. சரியென்று மின் அதிர்ச்சி வைத்தார்கள். ஸ்குரூ டிரைவரை அழுத்தித் திருகணும் என்றால் சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டுத் திருகினார்கள்! திட்டம் தோற்றது. எனக்கு அவர் ஜெயித்ததைவிட இந்தத் தோல்விதான் பிடித்தது.

நடையையும் ஆராய்ந்தார். நாம் ரொம்ப தூரம் நடக்கும்போது, வலி வருவதற்கு முன்னாலேயே, நமக்கே தெரியாமல் மூளை பாரத்தைப் பாதத்தில் இடம் மாற்றி வைக்கிறது. உணர்ச்சி இல்லாதவர் முதல் அடியையும் கடைசி அடியையும் ஒரே மாதிரி வைக்கிறார். ஒரே இடம் நசுங்கிப் புண்ணாகிறது.

வலி என்பது காலிலிருந்து மூளைக்குப் போகும் வெறும் ஒயர் இல்லை நண்பர்களே. போட்ட சட்டை கொஞ்ச நேரத்தில் உணர்விலிருந்து மறைகிற மாதிரி, வருகிற சேதியில் பெரும்பகுதியை மூளை தள்ளிவிடுகிறது. 1965-ல் மெல்சாக், வால் இருவரும் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாகச் சொன்னார்கள். இடித்த இடத்தைத் தேய்த்தால் தொடு உணர்ச்சி போய்க் கதவைச் சாத்தும். மூளையும் மேலிருந்து சாத்தும். பகலில் அப்பா வலை இழுக்கிறார், நடக்கிறார், நாலு பேரிடம் பேசுகிறார். ராத்திரி எல்லாம் அடங்கினதும், கெட்டுப்போன நரம்பு தானாகவே அனுப்பும் பொய்ச் சேதிக்குக் கதவு திறந்துகிடக்கிறது. வருஷக்கணக்கில் நீடித்தால் ஆம்ப்ளிஃபயரில் கெயினைக் கூட்டிவிட்ட மாதிரி மூளையும் தண்டுவடமும் சின்னதையும் பெரிசாக்கும்.

கார்வில்லில் பாதத்துக்குச் செய்த முறைகள் பிற்பாடு சுகர்காரர்களுக்கும் உதவின. பிராண்ட் 2003 ஜூலை 8-ல் சியாட்டிலில் இறந்தார்.

ஆஸ்பத்திரியில் அப்பா பாதத்தை நைலான் இழையால் குத்திப் பார்த்தார்கள். தங்கூசியை வைத்து வைத்தியமா என்று அப்பா சிரித்தார். பத்து இடத்தில் நாலில்தான் தெரிந்தது. இப்போது தினமும் ராத்திரி செல்போன் லைட்டில் நான் அவர் உள்ளங்காலைப் பார்க்கிறேன். பெரிய படிப்பு படிக்கிறவன் காலைப் பிடிப்பதா என்று முதலில் கூச்சப்பட்டார். போன ஞாயிற்றுக்கிழமை சுண்டுவிரல் இடுக்கில் ஒரு முள் இருந்தது. எடுக்கும்வரை அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.