லாட ஆணியும் டி. வி. சுந்தரம் அய்யங்காரும்

முன்னுரை

பெரியோர் வரலாறு எழுதப் புகுவோர் அவர்தம் பெருஞ்செயல்களை முன்வைத்துத் தொடங்குதல் வழக்கம். யாமோ ஓர் ஆணியை முன்வைத்துத் தொடங்குகின்றோம். அதன் காரணத்தை முதற்கண் கூறிவிடுதல் முறையாகும்.

எம் ஊர் காரிமங்கலம். கிருஷ்ணகிரிக்கும் தருமபுரிக்கும் இடையே, பெங்களூரிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் இங்குக் கூடும் சந்தைக்குச் சுற்றூர்களிலிருந்து ஆடும் மாடும் திரள் திரளாக வந்து சேரும். சென்ற கோடை விடுமுறையில் அத்தகைய சந்தை நாளொன்றில், எம் சுற்றத்தார் பன்னிருவர் வாடகை வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு ஒகேனக்கல் அருவி காணப் புறப்பட்டோம். பாலக்கோட்டைக் கடந்து பென்னாகரத்தை அணுகுங்கால் வண்டியின் பின்புறம் அலையத் தொடங்கிற்று. ரப்பர் கருகும் நாற்றமும் எழுந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். பின் சக்கரத்தின் டயர் காற்றிழந்து, தொடவியலாத அளவு சூடேறியிருந்தது.

அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரர் முதியவர். அவர் டயரைக் கழற்றி ஆராய்ந்து, அதிலிருந்து சிறு இரும்பாணி ஒன்றைப் பிடுங்கி எம் உள்ளங்கையில் வைத்தார். அது மாட்டு லாடத்தின் ஆணி. சந்தைச் சாலையிலேயே அது தைத்திருத்தல் வேண்டும். துளையை ஒட்டிவிட்டால் போதுமே என யாம் எண்ணினோம். அவரோ டயரின் உட்புறத்தை விரித்துக் காட்டினார். பக்கச்சுவர் வெதும்பி, ரப்பர் பொடியாய் உதிர்ந்து, உள்ளிழைகள் பிரிந்து கிடந்தன. ஆணி செய்த கேடு சிறிது. காற்றுக் குறைந்ததை அறியாது ஓடிய ஓட்டம் செய்த கேடு பெரிது. பென்னாகரத்துக்கு அப்பால் சாலை வளைந்து வளைந்து மலையிறங்கும். அவ்விறக்கத்தில் அந்த டயர் வெடித்திருப்பின், எம் பாட்டியார் மடியில் உறங்கிய இரு குழந்தைகளின் நிலை என்னாகியிருக்கும் என நினைக்க இன்றும் எம் நெஞ்சம் நடுங்குகின்றது.

ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டே, முற்காலத்தில் டி. வி. எஸ். பஸ்களுக்கு முன்னே காந்த வண்டி ஒன்று சென்று சாலை ஆணிகளைப் பொறுக்கும் என அம்முதியவர் எமக்குரைத்தார். எந்தையார் நாள்தோறும் ஏறிச் செல்லும் டி. வி. எஸ். 50 வண்டியின் பெயராகவே அம்மூன்றெழுத்தை யாம் அறிந்திருந்தோம். அப்பெயருக்குரியவர் யாவர் என அறியும் வேட்கை அன்று எமக்குள் எழுந்தது. அவ்வேட்கையின் பயனே இக்கட்டுரை.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் திருக்குறுங்குடி என்னும் தொன்மையான திருப்பதி உள்ளது. வைணவர் போற்றும் நூற்றெட்டுத் திருப்பதிகளுள் அதுவும் ஒன்று. அவ்வூரில் 1877-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 22-ஆம் நாள் சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். தந்தையாரின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். பின்னர் ரயில்வேயில் பணியாற்றினார். அதன்பின் பாங்கி ஒன்றில் அமர்ந்தார். மூன்றும் அக்காலத்து நன்மக்கள் விரும்பிய தொழில்களே. ஆயினும் அவற்றுள் எதுவும் அவரை நிறுத்தி வைக்கவில்லை.

1911-ஆம் ஆண்டு, தம் முப்பத்து நான்காம் அகவையில், அவர் மோட்டார்ப் போக்குவரவுத் தொழிலில் இறங்கினார். மாட்டு வண்டியும் குதிரை வண்டியுமே ஊர்களை இணைத்திருந்த காலம் அது. மோட்டார் வண்டி செல்வர்தம் விளையாட்டுப் பொருளாகவே மதிக்கப்பட்டது. அதனை ஏழை உழவனும் சில்லறை கொடுத்து ஏறிச் செல்லும் ஊர்தியாக்க ஒருவர் முனைந்தார் எனின், அத்துணிவை யாம் வியவாதிருத்தல் இயலாது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் பஸ்கள் தென்னாட்டுச் சாலைகளில் ஓடின. குறித்த நேரம் பிறழாது அவை வந்து சேருமாதலின், பஸ் வரவைக் கண்டு மக்கள் தம் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வர் என்னும் பேச்சு மதுரை நாட்டில் நெடுங்காலம் வழங்கிற்று.

காற்றடைத்த சக்கரம்

இங்கே டயரின் வரலாற்றைச் சிறிது கூறுதல் பொருந்தும். மரத்துப்பால் ரப்பர் வெயிலில் இளகிக் குளிரில் உடையும் இயல்பினது. அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், 1839-ஆம் ஆண்டு அதனைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றின் உறுதியும் நெகிழ்வும் ஒருங்கே பெறும் எனக் கண்டார். ஸ்காட்லாந்தினரான ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845-ஆம் ஆண்டு காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமை பெற்றார். உலகம் அதனை மறந்தது. பின்னர் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறு மகன் ஏறி விளையாடும் முச்சக்கர வண்டி கல்லில் அதிராதிருக்க வேண்டிக் காற்றடைத்த ரப்பர்க் குழாயை அதன் சக்கரங்களில் பொருத்தினார். 1888-ஆம் ஆண்டு அதற்கு உரிமையும் பெற்றார். இன்று பேரூர்திகளைத் தாங்கும் டயர் மீண்டும் உயிர்பெற்றது ஒரு குழந்தையின் உல்லாச வண்டியிலேயாம்.

காற்றடைத்த டயர் அதிர்ச்சியைத் தாங்கும், விரைவைத் தரும். ஆனால் அதற்கு ஒரு பகை உண்டு. அதுவே ஆணி.

ஆணி தேடிய வண்டி

அந்நாளைய சாலைகள் கல்லும் மண்ணும் இட்டுத் திமிசு கொட்டியவை. அவற்றில் நடந்த காளைகளும் குதிரைகளும் லாடமணிந்தவை. லாடம் தேய்ந்து கழலுந்தோறும் ஆணிகள் புழுதியில் உதிர்ந்து மறையும். வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டைக்கு அவற்றால் தீங்கில்லை; மோட்டார் டயருக்கோ அவை முள்வேலி. ஒரு பஞ்சர் நேரின் பிரயாணிகள் நடுக்காட்டில் நிற்பர். நீதிமன்றத்திற்குச் செல்பவன் வழக்கையிழப்பான். மருத்துவரை நாடிச் செல்பவன் உயிரையும் இழக்கக் கூடும்.

இவ்விடுக்கண் வந்தபின் நீக்குவதைக் காட்டிலும் வருமுன் காத்தலே தக்கது எனச் சுந்தரம் அய்யங்கார் துணிந்தார். காந்தம் பூட்டிய வண்டியொன்றைத் தம் பஸ்கள் செல்லும் சாலையில் ஓட்டி, புழுதியிற் கிடந்த ஆணிகளை ஈர்த்தெடுக்கச் செய்தார் என்பர். சாலை அவருடையதன்று, ஆணியும் அவருடையதன்று. சாலையைக் காப்பது அரசினர் கடமையென்றும், ஆணி உதிர்த்தவன் குற்றமென்றும் கூறி அவர் அமைந்திருக்கலாம். அவ்வாறு அமையாது, தம் வண்டியை நம்பி ஏறியவரைக் கொண்டு சேர்க்கும் பொறுப்புத் தம்முடையதே எனக் கொண்டார். அவர் பெருமையின் வேர் இதுவேயென யாம் கருதுகின்றோம். அக்காந்தம் அவர் பஸ்களுக்கு மட்டுமன்றிப் பின்வந்த பிறர் வண்டிகளுக்கும் வழியைத் தூய்மையாக்கியது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

போர்க்காலமும் பழைய டயரும்

இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலேயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. உலகின் ரப்பர்த் தோட்டங்களிற் பெரும்பகுதி அவற்றோடு போயிற்று. பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளும் அவ்வாண்டே கைநழுவின. பெட்ரோலும் இல்லை, டயரும் அரிது என்னும் நிலையில் பஸ் தொழில் அழிந்தொழியும் என்றே பலரும் அஞ்சினர்.

சுந்தரம் அய்யங்கார் இரண்டு வழிகளைக் கண்டார். கரியை எரித்து எழும் வாயுவால் எஞ்சினை ஓட்டும் டி. வி. எஸ். காஸ் பிளாண்டு என்னும் கருவியைச் செய்வித்தார். கரி பஸ் என முதியோர் இன்றும் நினைவுகூர்வது இத்தகைய வண்டிகளையே. தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் ரீட்ரெடிங் தொழிலையும் அவர் நிறுவினார்.

ரீட்ரெடிங் என்பது யாது? டயரில் இரு கூறுகள் உண்டு. தரையைத் தொட்டுத் தேய்வது மேற்பட்டை. ஓட்டுநர் அதனைப் பட்டன் என வழங்குவர். அதன் உள்ளே இழைகளால் நெய்து ரப்பரூட்டிய உடற்பகுதி உண்டு. வண்டியின் சுமையை அடைபட்ட காற்று தாங்க, அக்காற்றைச் சிதறாது பிடித்திருப்பது இவ்வுடலே. மேற்பட்டை தேய்ந்தபின் எஞ்சியதைச் சுரண்டி, பசை பூசி, புதிய ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சிலிட்டு வெப்பமும் அழுத்தமும் ஊட்டின், இரண்டும் ஒன்றி டயர் மறுவாழ்வு பெறும். ஆனால் ஒரு நியதி உண்டு. உடல் பழுதற்றதாய் இருத்தல் வேண்டும். மேலே தேய்ந்ததைப் புதுப்பிக்கலாம். உள்ளே நைந்ததைப் புதுப்பிக்கலாகாது. பென்னாகரத்து முதியவர் எம் வண்டியின் டயரை ஒதுக்கியது இந்நியதி பற்றியே.

குடும்பமும் பிற்காலமும்

அய்யங்காரின் திருமகளார் சௌந்தரம் அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தார். அக்காலத்து வழக்கம் அத்தகையாரை வீட்டின் மூலையில் இருத்திவிடும். அம்மையாரோ மீண்டும் கல்வியை மேற்கொண்டு, டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியிற் பயின்று மருத்துவரானார். 1947-ஆம் ஆண்டு தம் கணவர் ஜி. இராமச்சந்திரனோடு திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினார். புதல்வரும் தந்தையின் தொழிலைப் பெருக்கினர். சதர்ன் ரோட்வேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகிய நிறுவனங்கள் அக்குடும்பத்தினின்றும் கிளைத்தவை.

1955-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ஆம் நாள், தம் எழுபத்தெட்டாம் அகவையில், சுந்தரம் அய்யங்கார் கொடைக்கானலில் காலமானார். அவர் மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின், 1980-இல், டி. வி. எஸ். 50 ஓசூரிலிருந்து வெளிவந்தது. ஓசூர் அந்நாளில் எம் தருமபுரி மாவட்டத்தைச் சார்ந்ததே. 2004-இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்தது. 1982-இல் நிறுவப்பட்ட டி. வி. எஸ். ஸ்ரீசக்ரா மதுரையில் டயர்களையே செய்து வருகின்றது. ஆணி பொறுக்கியவரின் பெயர் டயரிலேயே பொறிக்கப்பட்டது பொருத்தமன்றோ?

யாம் கொள்ளத்தக்கவை

இக்காலத்துச் சாலைகள் தாரிட்டவை, டயர்களும் வலியவை. ஆயினும் விடுமுறை நாளில் ஏற்காட்டுக்கும் ஒகேனக்கலுக்கும் விரையும் உல்லாச வண்டிகளுக்கு அய்யங்காரின் வழி இன்றும் வேண்டப்படுகின்றது. அவ்வண்டிகள் பல வாரம் ஓடாது நின்று, பின் ஒரே நாளில் நிறைந்த சுமையோடு மலையேறுவன. ஆதலின் அவற்றிற்கு டயர் தேர்வோர் விலையை மட்டும் நோக்காது, பக்கச்சுவரில் பொறித்த சுமை அளவையும் நோக்குதல் வேண்டும். ஓர் அச்சின் இருபுறமும் ஒரே வகை டயரைப் பூட்டுதல் வேண்டும். பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் உண்டு. 2319 என்றிருப்பின், 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் அது செய்யப்பட்டது என்பது பொருள். நின்ற வண்டியின் டயர் தேயாவிடினும் வெயிலாலும் காற்றாலும் மூப்படைந்து வெடிப்புறும். பட்டன் ஆழமாயிருத்தல் கண்டு ஏமாறுதல் கூடாது.

காற்றைப் புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளத்தல் வேண்டும். ஓட்டத்தில் சூடேறி அழுத்தம் உயர்தல் இயல்பாதலின், இடைவழியில் அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுதல் தவறு. ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் வேன் டயர் 400 முறைக்கு மேல் சுழலும். காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுழற்சியிலும் மடங்கி நிமிரும். அம்மடக்கமே வெப்பமாகி உடலை அழிக்கும். இரட்டைச் சக்கரமுள்ள வண்டிகளில் உட்சக்கரம் காற்றிழப்பின் அதன் சுமையையும் வெளிச்சக்கரம் சுமக்குமாதலின், கண்ணுக்குத் தெரியாத அதனையும் அளத்தல் வேண்டும். பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ் இறங்கின் அந்த டயர் காருக்கும் வேனுக்கும் உதவாது.

இவையனைத்தும் கால் மணி நேரத்து வேலை. எம் வேன் புறப்பட்ட காலையில் அக்கால் மணியை ஒருவரும் செலவிடவில்லை. ஓட்டுநரை மட்டும் குறை கூறுதல் முறையன்று. அருவியைக் காணும் ஆவலில், விரைந்து எடுக்குமாறு அவரைத் தூண்டியவர் யாமே.

முடிவுரை

பெரும்பொருள் ஈட்டியோர் பலர். அவருள் பலர் பெயரையும் உலகம் மறந்தது. சுந்தரம் அய்யங்காரை அவர் சேர்த்த செல்வம் பற்றியன்றி, அவர் பொறுக்கிய ஆணி பற்றி ஒரு பஞ்சர் கடை முதியவர் நினைவில் வைத்திருந்தார். பிறர் உயிரைச் சுமந்து செல்லும் எத்தொழிலிலும் சிறியது என ஒன்றில்லை என்பதே அப்பெரியார் வாழ்வு எமக்கு உணர்த்துவது. கல்லூரியை விட்டு ஆசிரியராகவும் மருத்துவராகவும் அலுவலராகவும் செல்லவிருக்கும் நாம் அனைவரும் இதனை உடன்கொண்டு செல்வோமாக.

அந்த லாட ஆணி எம் மேசைமேல் இன்றும் இருக்கின்றது.