ஒளிக்குக் கணக்குப் பார்த்த ஸர் சி. வி. ராமன்

பாகான் டத்தோவில் கடை வைத்திருக்கும் நாம் நாள்தோறும் காண்பது பேராக் ஆறு கடலில் கலக்கும் கலங்கல் நீரைத்தான். அதே கடல், கரையை விட்டு நெடுந்தூரம் சென்றால் நீலமாகிவிடுகிறது. ஒரு குவளையில் மொண்டு பார்த்தாலோ நிறமே இல்லை. இது ஏன் என்று நின்று கேட்ட ஒரு தமிழரின் வரலாறு, வியாபாரிகளாகிய நாம் அறியத்தக்கது.

ராமன் 1888ம் ஆண்டு நவம்பர் 7ந் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்துத் தங்கப் பதக்கம் பெற்றார். 1907ல், பதினெட்டே வயதில், அரசாங்க நிதி இலாகாவில் கணக்கு அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். அங்கே பௌபஜார் வீதியில் ஒரு விஞ்ஞானச் சங்கம் ஆளரவமின்றிக் கிடப்பதைக் கண்டார். காலையிலும் மாலையிலும் அங்கே ஆராய்ச்சி, பகலெல்லாம் கணக்கு அலுவலகம் என்று பத்தாண்டுகள் உழைத்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபோதும் ஆராய்ச்சியை விடவில்லை. 1917ல் கல்கத்தா சர்வகலாசாலை பேராசிரியர் பதவி தந்தது. சம்பளம் வெகுவாகக் குறையும், ஆயினும் ஏற்றுக்கொண்டார்.

1921ல் இங்கிலாந்து சென்று திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு வியந்தார். வானத்தின் நீலமே கடலில் பிரதிபலிக்கிறது என்று பேரறிஞர் ராலே பிரபு சொல்லியிருந்தார். பெரியவர் சொன்னதாயிற்றே என்று ராமன் சும்மா இருக்கவில்லை. மேற்பரப்பின் பிரதிபலிப்பை மறைக்கும் நிக்கல் பட்டகம் என்ற சிறு கருவியின் வழியே பார்த்தார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழ்ந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன, அதிலும் நீல ஒளியை மிகுதியாகச் சிதறடிக்கின்றன என்று கண்டார். நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதும் அந்நீலத்திற்குப் பெருங்காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று.

அத்துடன் அவர் நிற்கவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் துணை நிற்க, ஏறக்குறைய அறுபது வகைத் திரவங்களில் ஒளியைச் செலுத்திச் சோதித்தார். 1928ம் ஆண்டு பிப்ரவரி 28ந் தேதி உண்மை வெளிப்பட்டது. அதை நம் வழக்கில் இப்படிச் சொல்லலாம். பொருளுக்குள் செல்லும் ஒளி நாம் போடும் முதல் போன்றது. சிதறும் ஒளியில் பெரும்பகுதி போட்ட முதல் குறையாமல் திரும்புகிறது. மிகச் சிறு பகுதி மட்டும் மூலக்கூறை அதிரச் செய்து, அதற்கொரு தரகு கொடுத்துவிட்டு, நிறம் மாறித் திரும்புகிறது. சில வேளை இலாபத்தோடும் திரும்புவதுண்டு. இந்தத் தரகு பொருளுக்குப் பொருள் வேறுபடும். ஆகவே திரும்பிய ஒளியின் கணக்கைப் பார்த்தால் பொருள் இன்னதென்று அறியலாம்.

இதற்காக 1930ல் நோபல் பரிசு வந்தது. விஞ்ஞானத்தில் அதைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 1933ல் பெங்களூர் சென்று, 1948ல் அங்கே தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவி, 1970ம் ஆண்டு நவம்பர் 21ந் தேதி காலமானார்.

இன்று இவ்வழியில் மருந்துகளைக் கண்ணாடிக் குப்பியைத் திறவாமலே சோதிக்கிறார்கள். இரத்தினக் கற்களின் தரத்தையும் எண்ணெய்க் கலப்படத்தையும் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒருமுறை நாம் மொத்தமாக வாங்கிய தேங்காய் எண்ணெயில் மலிவான வேறு எண்ணெய் கலந்திருந்தது. தென்னை மலிந்த ஊரில் இருந்துகொண்டே, நிறத்தையும் மணத்தையும் நம்பி ஏமாந்தோம். வாடிக்கைக்காரர் ஒருவர் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தபோதுதான் தெரிந்தது. பணம் போனது பெரிதல்ல. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விற்றவர் சொன்னதை அப்படியே நம்பி, ஒரு துளியும் சோதியாமல் விற்றது நம் குற்றமே.

ராலே பிரபுவின் சொல்லையே சோதித்துப் பார்த்தவர் அந்தக் கணக்கு அதிகாரி. நம் கடைக்கு வரும் சரக்கை நாமும் சோதித்தே விற்போமாக.