அரசிழந்து அறம் வென்ற இந்திரராசர்

கி.பி. 949இல் தக்கோலத்தில் சோழரை வென்ற இராட்டிரகூடப் பேரரசர் மூன்றாம் கிருஷ்ணரின் பெயரர் இந்திரராசர். பாட்டனார் 967இல் மறைந்தபின் பேரரசு தளரலாயிற்று. 972இல் மாளவத்துப் பரமார மன்னன் சீயகன் தலைநகராகிய மான்யகேடத்தைச் சூறையாடிச் சென்றான். அயற்பகை தந்த அப்புண் ஆறியிருக்கக்கூடும். ஆயின், மறு ஆண்டே பேரரசின் கீழ்ச் சிற்றரசனாயிருந்த இரண்டாம் தைலபன் அரியணையைக் கைப்பற்றினான்.

தாய்மாமனாராகிய கங்க மன்னர் மாரசிம்மர், இந்திரராசருக்கு முடிசூட்டி அரசை மீட்க முயன்றார், இயலவில்லை. பின்னர் மாரசிம்மர் பங்காபுரத்தில் அஜிதசேன முனிவரின் திருவடி நிழலில் சல்லேகனை நோற்று உயிர்நீத்தார். இந்திரராசரும் 982இல் சிரவணபெளகுளத்தில் அந்நோன்பையே ஏற்றுச் சமாதி எய்தினார்.

அயற்பகையைத் தாங்கும் அரசையும் உட்பகை வீழ்த்திவிடும் என்பதற்கு இந்திரராசர் வரலாறு சான்று. உயிரின் உட்பகையாகிய காமம், வெகுளி, மயக்கங்களை நோன்பால் வெல்லலாம் என்பதற்கு அவர்தம் முடிவு சான்று. இல்லத்திலும் சங்கத்திலும் ஒற்றுமை பேணுவோமாக!